தம்பி பிடித்த விளக்குமாறு

தம்பி நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. செம்பூரில் நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் என் வணக்கம். இதை எழுதச் சொன்னவள் தம்பியின் மகள். "பெரியப்பா, நீங்கதான் எழுதணும். அப்பாவைச் சின்ன வயசுலேருந்து பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான்" என்றாள். நார்வேயில் பிறந்து வளர்ந்த அவளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அவளும் வாசிக்க வேண்டும் என்பதால் நேராகவே எழுதுகிறேன்.

உயிரோடு இருந்தவரை தம்பியை 'அவன், இவன்' என்றே பேசினேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். இருந்தபோது கொடுத்திருக்க வேண்டிய மரியாதை.

தம்பி பிறந்தது பம்பாய் தாராவியில். எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஒரு துணி மில்லில் தறிக்கூடத்தைக் கூட்டும் வேலை பார்த்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடியே வீட்டுக்கு வருவார். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் இருவரும் படித்தோம். நான் கல்லூரி ஆசிரியராகிச் செம்பூருக்குக் குடிவந்தேன். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால் "மில்லில் இருந்தார்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். தம்பியிடம் கேட்டால், "மில்லுல கூட்டுனாங்க" என்பார். கேட்டவரின் முகம் மாறுகிறதா என்றுகூடப் பார்க்கமாட்டார். தட்டில் இருக்கும் மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பார்.

கப்பல் பொறியியல் படித்த தம்பி, நார்வேயில் ட்ரொண்ட்ஹைம் என்ற ஊருக்கு வேலைக்குப் போனார். முதல் குளிர்காலம் அவரை வதைத்துவிட்டது. சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. "படிக்கட்டுல எதிர்ல வந்தாக்கூடச் சிரிக்க மாட்டாங்க அண்ணே. திரும்பி வந்துரலாம்னு இருக்கு" என்று போனில் அழுதார்.

ஏப்ரலில் குரல் மாறியிருந்தது. வழுக்காமல் நடப்பதற்காகக் குளிர்காலம் முழுவதும் அங்கே தெருவில் பொடிச்சரளை தூவுவார்களாம். பனி உருகியதும் அந்தச் சரளையெல்லாம் வாசலில் கிடக்கும். அதை அள்ள ஆள் வைப்பதில்லை. ஒரு நாள் குறித்துப் படிக்கட்டில் அறிவிப்பு ஒட்டுவார்கள். கட்டிடத்தில் குடியிருக்கும் எல்லோரும் இறங்கிக் கூட்டுவார்கள். பிறகு காப்பியும் பன்னும். இதை அவர்கள் 'டுக்நாட்' என்கிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பேசாத எதிர்வீட்டுக் கிழவர் அன்றைக்குத் தம்பியின் தோளில் தட்டி ஒரு விளக்குமாற்றை நீட்டினாராம். "அன்னைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரன் ஆனேன் அண்ணே" என்றார் தம்பி. நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு மே மாதம் விடுமுறையில் வந்தார். மழைக்கு முன் எங்கள் கட்டிடத்துக் கால்வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரர் வரவில்லை. குடியிருப்போர் சொசைட்டிச் செயலாளர் நான். காலையில் பால்கனியில் நின்று பார்க்கிறேன், கீழே தம்பி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு விளக்குமாறும் கையுமாக நிற்கிறார். "வாங்க சார், ஆளுக்கொரு கை போட்டா அரை மணி நேர வேலை!" என்று மாடிகளைப் பார்த்துக் கூப்பிடுகிறார். ஒருவரும் இறங்கவில்லை. எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கீழே விளக்குமாற்றைக் காட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தார். "க்யா செகரட்டரி சாப், பாரின் தம்பி ஜாடு புடிச்சிட்டாரே!"

"அங்கேயும் அவனுக்கு இதுதான் வேலை. நம்மகிட்டதான் கப்பல்னு சொல்லிக்கிட்டிருக்கான்" என்றேன்.

நான்கு மாடியும் சிரித்தது. தம்பி நிமிர்ந்து பார்த்தார். அவரும் சிரித்தார். கால்வாயை முழுவதும் கூட்டி முடித்து, கால் கழுவிக்கொண்டு மேலே வந்தார். சாப்பிடும்போதுதான் சொன்னார்: "அண்ணே, என்னையச் சொன்னது பரவால்ல. அப்பாவையும்லா சேத்துச் சொல்லிட்டீங்க."

"சாப்புடுல" என்றேன்.

அதன்பிறகு தம்பி பம்பாய் வரும்போதெல்லாம் வாஷியில் நண்பர் வீட்டில் தங்கினார். என் வீட்டுக்கு ஒரு மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். வெளிநாட்டுக்குப் போனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று உங்களில் பலரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவர் என் வீட்டில் தங்காமல் போனதற்கு நான் ஒருவனே காரணம். இந்த நினைவு மலரில் நான் சொல்ல வந்தது இதுதான்.

சென்ற ஆண்டு நோய் முற்றியதும் மகள் அழைத்தாள். முதல்முறையாக அந்த ஊருக்குப் போனேன். பனி உருகி ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. மரங்களில் இலை வரவில்லை. தம்பி ஜன்னலோரம் நாற்காலியில் பாதியாக இளைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். பழையதை அவரும் பேசவில்லை, எனக்கும் வாய் வரவில்லை. அந்த வாரம் படிக்கட்டில் டுக்நாட் அறிவிப்பு ஒட்டினார்கள்.

"இந்த வருஷம் நம்ம வீட்டைக் கூப்பிடாம விட்டுருவாங்க அத்தான். உடம்பு முடியலன்னு தெரியும்" என்றார் தம்பியின் மனைவி.

"விளக்குமாறு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

தம்பி என்னையே பார்த்தார். "குளிரும் அண்ணே."

"தெரியும்ல."

"யாராச்சும் போட்டோ புடிச்சு செம்பூருக்கு அனுப்பிட்டா?"

கீழே இறங்கிப் போனேன். பேருந்து ஓட்டுநரான ஒரு பெண்மணி எல்லோரையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கைவண்டி தள்ளினார். நான் யாரென்று யாரும் கேட்கவில்லை. கையுறை கொடுத்தார்கள். எனக்கோ விளக்குமாறு வசப்படவில்லை. அப்போது மேலே ஜன்னல் திறந்தது. அந்த அமைதியான ஊரில் தாராவிக் குரலில் தம்பி கத்தினார்: "அண்ணே, கம்பைக் குத்தாதீங்க! சாய்ச்சுப் புடிங்க, அப்பா புடிக்க மாதிரி!"

என்ன சொல்கிறார் என்று நீதிபதி ஆங்கிலத்தில் கேட்டார். "எங்கள் அப்பா ஒரு மில்லில் கூட்டுபவர். அவரைப் போலப் பிடிக்கச் சொல்கிறான்" என்றேன். வெளியாரிடம் அதை நான் சொன்னது அதுவே முதல் தடவை.

"அப்படியானால் நீங்கள் முன்னால் போங்கள். நான் பின்னால் அள்ளிக்கொண்டு வருகிறேன்" என்றார் அவர்.

மே மாதம் அவர்களுடைய தேசிய நாளில் நாங்கள் கூட்டிய தெரு வழியாகக் குழந்தைகள் கொடி பிடித்துப் பாடிக்கொண்டு போனார்கள். படையணி எதுவும் இல்லை, குழந்தைகள்தான். தம்பி ஜன்னலிலிருந்து ஒரு சின்னக் கொடியை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஜூன் தொடக்கத்தில் கண்மூடினார்.

தம்பியைச் சுமந்து சென்ற அந்தக் கட்டிடத்து மக்களுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட அவர் மனைவிக்கும் மகளுக்கும், நான் கொடுக்காத இடத்தை அவருக்குக் கொடுத்த வாஷி நண்பருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

மழை வரும் காலம். ஜெபமும் சாப்பாடும் முடிந்தபின் எங்கள் கட்டிடத்துக் கால்வாயைக் கூட்டப் போகிறேன். முடிந்தவர்கள் இறங்கி வாருங்கள். டீயும் பன்னும் உண்டு. எனக்கு இப்போது அதிகம் குனிய முடியாது. கம்பைச் சாய்த்துப் பிடிக்கத் தெரியும்.

அண்ணன்,
செம்பூர்