ஹேண்ட் பிரேக் போட்ட மாமன்

லீவுக்கு வெளிநாடு போற எடத்துல பெரிய வண்டியத் தொடாதேன்னு எனக்கு யாராச்சும் சொல்லியிருக்கலாம். நான் போன வெளிநாடு மதுரை. சிரிக்காதீங்க. என் கையில இருக்கிறது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். வெளிநாட்டுக்காரங்க வரிசையில நின்னு, விசா காட்டி, கைரேகை வச்சுத்தான் நான் பொறந்த ஊருக்குள்ள வர வேண்டியிருந்துச்சு. கவுன்டர்ல இருந்தவர் எதுக்கு வந்திருக்கேன்னு இங்கிலீஷ்ல கேட்டார். "அக்கா மகளுக்குக் கல்யாணம் சார், நான்தான் தாய்மாமன்"னு தமிழ்ல சொன்னேன். நிமிந்து பார்த்துட்டு, "அப்ப நீங்க இல்லாம ஒண்ணும் நடக்காதே"ன்னு சிரிச்சுக்கிட்டே முத்திரையக் குத்தினார்.

லண்டன்ல எனக்கு வேலை டபுள் டெக்கர் பஸ் ஓட்டுறது. மழையிலயும் பனியிலயும் ஒரு கீறல் விழாம ஓட்டிட்டிருக்கிறவன். லீவு விட்டா அந்த ஊர்க்காரங்க மாதிரி வீடு வச்ச வேனை வாடகைக்கு எடுத்து ஸ்பெயின், பிரான்சுன்னு பிள்ளைகளோட சுத்துவேன். மலைப் பாதையில அம்மாம்பெரிய வேனை ரிவர்ஸ்ல கொண்டுபோய் ரெண்டு மரத்துக்கு நடுவுல சொருகியிருக்கேன். அதனால வண்டி விஷயத்துல எனக்குக் கொஞ்சம் திமிரு உண்டு. கொஞ்சம் இல்ல, நெறையவே உண்டு.

பிள்ளைகளுக்குப் பரீட்சைங்கறதால கல்யாணத்துக்கு நான் மட்டும்தான் வந்தேன். அக்காவுக்கு ஒரே மக. அத்தான் தவறி நாலஞ்சு வருசம் ஆச்சு. அதுக்கே நான் வந்து சேரல, போன்லதான் அழுதேன். எங்கம்மாவும் அப்பாவும் அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. எங்க பக்கத்து வழக்கப்படி, முகூர்த்தத்துக்கு முன்னாடி தாய்மாமன் சீர்த் தட்டோட வந்து, பொண்ணு நெத்தியில பட்டம் கட்டி, மாலை போட்டு, கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணும். புருசன் இல்லாதவ பெத்த மக கல்யாணத்துலகூட மணவறை ஏறக் கூடாதுங்கறாங்க. எவன் வச்ச சட்டமோ, நாசமாப் போக. ஆனா எங்க அக்கா அதை நம்புது. தான் ஏறுனா மக வாழ்க்கைக்கு ஆகாதுன்னு பயப்படுது. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே போன்ல சொல்லுச்சு. "நான் அங்கிட்டுத் தூணோரமா நின்னு பார்த்துக்கிறேன்டா. நீ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா நான் போன மாதிரி. வந்துருவேல்ல?"

"வந்துருவேன்க்கா"ன்னேன். அதுல என்ன சந்தேகம்னு கோவிச்சுக்கவும் செஞ்சேன்.

எங்க பக்கத்துச் சனத்தையும் சீர்த் தட்டையும் ஏத்திட்டுப் போக பதினேழு சீட்டு வேன் ஒண்ணு ஏற்பாடாச்சு. கூடப் படிச்சவன் ஒருத்தன் டிராவல்ஸ் வச்சிருக்கான், அவன் வண்டி. "மாப்ள, டிரைவரை அனுப்புறேன். முகூர்த்த நாளு, கூட்டம் தாங்காது"ன்னான். "டேய், நான் ஓட்டுற பஸ்ஸுக்குள்ள உன் வேன் மாதிரி மூணை அடைக்கலாம்டா. சாவியக் குடு"ன்னேன். சர்வதேச லைசென்ஸ எடுத்து அவன் மூஞ்சிக்கு முன்னாடி ஆட்டுனேன். அவன் சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டான்.

காலையில முகூர்த்தம். கல்யாண மண்டபம் கோரிப்பாளையம் தாண்டி ஒரு தெருவுக்குள்ள. பொண்ணு மாலை மாமன் வாங்கணும்ங்கறதால மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல சொல்லி வச்சிருந்தேன். சிம்மக்கல்லுல லாட்ஜ் வாசல்ல வேனை எடுத்து, ஆத்தைத் தாண்டி, மாலைய வாங்கிட்டு அப்படியே மண்டபத்துக்குத் திரும்புறதுதான் திட்டம். எனக்குப் பின்னாடி சீட்டுல பெரியம்மா. எங்கம்மாவோட அக்கா, வாயி மட்டும் என்னைக்கும் ஓயாது. மடியில பட்டுச்சேலைத் தட்டு. சித்திமாருக, மதினிமாருகன்னு வேன் நெறைய சனம். ஆளுக்கொரு தட்டு, பழம், வளையல், கல்கண்டு. வண்டி பூரா மல்லியப்பூ வாசம். எனக்கு அம்புட்டு சந்தோசம்.

பூ மார்க்கெட் பக்கம் போய்ப் பார்த்தா, அடேயப்பா. ஊர்ல உள்ள கல்யாணக்காரன் பூராவும் அங்கதான் நிக்கிறான். "இப்படி ஓரமா நிப்பாட்டிட்டு ஓடிப் போய் வாங்கிட்டு வாடா"ன்னு பெரியம்மா சொல்லுச்சு. ரோட்டுல நிப்பாட்டுறதா, நானா? ஒரு சுத்து சுத்துனேன். இன்னொரு சுத்து சுத்துனேன். ஒருத்தன் இண்டிகேட்டர் போட்டதைப் பார்த்து, அவன் வெளிய வரட்டும்னு மரியாதையா ஒதுங்கி நின்னேன். பின்னாடி வந்த ஆட்டோக்காரன் அந்த எடத்துல போய் நின்னுட்டு என்னையே ஒரு மாதிரியாப் பார்த்தான். "நீ என்னடா பிள்ளப்பூச்சி மாதிரி ஓட்டுற"ன்னு பெரியம்மா. வேன் பூராவும் சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன்.

கடைசியில மார்க்கெட்டுப் பக்கத்துப் பொட்டல்ல எடம் கெடச்சுச்சு. உள்ள நுழையும்போதே பார்த்தேன், ரெண்டு பேரு ஆளே இல்லாத ஒரு காரைக் கையால தள்ளிக்கிட்டிருந்தாங்க. அந்தப் பக்கம் ஒருத்தன் ஒரு வேனை முதுகு குடுத்துத் தள்றான். எல்லாரும் வண்டிய நியூட்ரல்ல, பிரேக் போடாம விட்டுட்டுப் போயிருக்காங்க. யாருக்கு வழி வேணுமோ அவங்க தள்ளிக்க வேண்டியது. எனக்கு வந்துச்சே கோவம். "அடப்பாவிகளா, வண்டியா இல்ல தள்ளுவண்டியா"ன்னு திட்டிக்கிட்டே வேனை ரிவர்ஸ்ல அழகா சொருகுனேன். ஹேண்ட் பிரேக்க இழுத்து, கியரைப் போட்டு, ஸ்டியரிங்கைப் பூட்டுனேன். போதாக்குறைக்கு ஒரு கல்லைத் தேடி எடுத்து டயருக்கு முட்டு வச்சேன். சாவியப் பைக்குள்ள போட்டுட்டு மாலை வாங்கப் போனேன்.

மாலை முடியல. "இந்தா ஆச்சுண்ணே, ஆச்சுண்ணே"ன்னு கட்டிக்கிட்டிருந்தாங்க. ரோசாவும் சம்பங்கியும் வச்ச மாலை. தண்ணி தெளிச்சு வாழை எலையில சுத்தி என் ரெண்டு கையிலயும் வச்சப்ப, ஒரு கைப்பிள்ளையத் தூக்குற கனம் இருந்துச்சு.

திரும்பி வந்தா, என் வேனைக் காணோம். அதாவது வேன் இருக்கு, சுத்தி இருக்கிற வண்டிதான் தெரியுது. முன்னாடி கார், காருக்கு முன்னாடி பூ லோடு வண்டி, பக்கத்துல இன்னொரு வேன், அதுக்கு நடுவுல பைக்கு. பெரியம்மா ஜன்னல் வழியா கத்துது. "எங்கிட்டுப் போய்த் தொலஞ்ச? உன் வண்டியத் தள்ளித் தள்ளிப் பார்த்தானுக, அசையல. பிரேக்க எடுங்க ஆத்தான்னு எங்கிட்டக் கேக்குறானுக, எனக்கு என்ன தெரியும்? வாயில வந்ததைத் திட்டிப்புட்டு சுத்தி நிப்பாட்டிட்டுப் போயிட்டானுக." பிரேக் போடாம விட்டிருந்தா, தள்ளித் தள்ளி என் வேனை வாசலுக்கே கொண்டுவந்து விட்டிருப்பாங்க. நான் போட்ட பிரேக்குதான் என்னையே உள்ள வச்சுப் பூட்டிருச்சு.

அப்ப அக்கா போன் பண்ணுச்சு. "எங்கடா இருக்க?"

"மாலை வாங்கிட்டேன்க்கா. இந்தா வாரேன்."

மாலைய சீட்டுல வச்சுட்டு நானும் தள்ள ஆரம்பிச்சேன். பைக்குகளத் தூக்கி வச்சேன். ஆனா காரைத் தள்ளணும்னா அதுக்கு முன்னாடி எடம் வேணும்ல? அங்க பூ லோடு வண்டி நிக்குது. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. டிரைவர்களைத் தேடி டீக்கடைக்கு ஓடுனேன், பூக்கடைக்கு ஓடுனேன். வண்டி நம்பரைச் சொல்லிக் கத்துனேன். எவனும் திரும்பல. கட்டியிருந்த பட்டு வேட்டி பூரா சேறு.

"டேய், நீ மாலையயும் பட்டத்தையும் எடுத்துட்டு ஆட்டோவுல போடா. வண்டி கெடந்துட்டுப் போகுது. நாங்க பின்னாடி வாரோம்"னு பெரியம்மா சொல்லுச்சு. ரோட்டுல ஆட்டோ நிக்குது, என் கண்ணுலயே படுது. நான் போகல. ஏன் போகலன்னு இன்னைக்கு வரைக்கும் என்னையே நான் கேட்டுக்கிட்டிருக்கேன். ஏத்துன சனத்தை நடுவழியில விட்டுட்டு டிரைவர் எறங்கிப் போகக் கூடாது. என்னைய அப்படித்தான் பழக்கியிருக்கு, கை காலெல்லாம் அதுலயே ஊறிப்போச்சு. கூட்டாளி வண்டி வேற. சீர்த் தட்டு இல்லாம மாமன் மட்டும் வெறுங்கையோட போய் நிக்கிறதான்னு ஒரு வறட்டுக் கௌரவமும் இருந்துச்சு. எல்லாத்துக்கும் மேல, இந்தா அந்த வண்டி எடுத்துருவான், இந்தா எடுத்துருவான்னு ஒவ்வொரு நிமிசமும் நம்பிக்கிட்டே நின்னேன்.

"இந்தா ஆச்சு பெரியம்மா"ன்னேன்.

"என்னத்த ஆச்சு? தாலி கட்டி முடிஞ்சு பந்திக்குத்தான் போகப் போற" அப்படின்னுச்சு. பெரியம்மா குரல்ல அப்ப கேலி இல்ல.

அக்கா மறுபடி கூப்பிட்டுச்சு. இந்தத் தடவை குரல் ரொம்பத் தாழ்ந்து இருந்துச்சு. பின்னாடி மேளச் சத்தம். "மாப்பிள்ளை வந்து ஒக்காந்துட்டாரு. பொண்ணக் கூப்பிடச் சொல்றாங்கடா. நேரம் போகுதுங்கறாங்க." "அக்கா, பூ மார்க்கெட்டுல வேனைச் சுத்தி வண்டிகள நிப்பாட்டிட்டுப் போயிட்டானுக. அஞ்சே நிமிசம். அவங்களை இருக்கச் சொல்லு. நீ யார்கிட்டயும் விட்டுராத, நான் வாரேன்." சொல்லும்போதே என் குரல் ஒடஞ்சுருச்சு. நான் நல்லா இருக்கேனான்னுகூட அக்கா கேட்டுச்சு, பாவி மக.

கடைசியில பூ லோடு வண்டிக்காரன் வாயில பீடியோட ஆடி அசைஞ்சு வந்தான். அவன் எடுத்தான், நாலு பேரு சேந்து காரைத் தள்ளுனோம், வேனை வெளிய எடுத்தேன். அதுக்கப்புறம் நான் ஓட்டுன ஓட்டை லண்டன்ல எவனாச்சும் பார்த்திருந்தா அன்னைக்கே என் வேலை போயிருக்கும். ஆரன்ல வச்ச கைய எடுக்கல. பஸ்ஸுக்கு முன்னாடி மூக்கை நொழச்சேன். கோரிப்பாளையம் சிக்னல்ல வண்டிக நாலு நாலு வரிசையா நிக்குது, ஒண்ணும் அசையல. அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கல. திரும்பப் போட்டேன், எடுக்கல. "கடவுளே, கடவுளே"ன்னு ஸ்டியரிங்கை அடிச்சேன். பட்டுச்சேலைத் தட்டைப் பெரியம்மா நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு.

மண்டபத்துத் தெருவுல வாழை மரம் கட்டுன வாசல் தெரியுது, அதுக்கு முன்னாடி நிப்பாட்ட ஒரு சாண் எடம் இல்ல. நடுத்தெருவுல வேனை நிப்பாட்டுனேன். நியூட்ரல். பிரேக்கு போடல, கியர் போடல. சாவியப் பெரியம்மா மடியில எறிஞ்சேன். "யாராச்சும் தள்ளிக்கிடட்டும்"னு கத்திட்டு, மாலையத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். செருப்பு ஒண்ணு வாசல்லயே கழண்டுபோச்சு.

நான் கூட்டத்துக்குள்ள பூந்தப்ப கெட்டிமேளம் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. எல்லாரும் அச்சதை போடுறாங்க. எட்டிப் பார்த்தேன். மணவறையில பொண்ணுக்குப் பக்கத்துல எங்க அக்கா நிக்குது.

"மாமன் வரல. வேற யாராச்சும் மாமன் முறைக்கு இருந்தாக் கூப்பிடுங்கன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிப் பார்த்தாங்க. என் தம்பி இருக்கும்போது வேற யாரையும் நிக்க விட மாட்டேன்னுட்டு, தாயே கையப் புடிச்சுக் கூட்டியாந்துட்டா" அப்படின்னு எனக்கு முன்னாடி ஒரு அம்மா இன்னொரு அம்மாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. நான்தான் அந்தத் தம்பின்னு அவங்களுக்குத் தெரியாது.

வேற யாராவது இந்தக் கதையச் சொன்னா, அந்த அக்கா துணிஞ்சு ஏறிருச்சு, நல்லதாப் போச்சுன்னு சொல்லுவேன். எங்க அக்கா துணிஞ்சு ஏறல, ஏற வேண்டியதாப் போச்சு. முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டு, யாரு மூஞ்சியயும் பார்க்காம நின்னுச்சு. மக வாழ்க்கைக்குக் கேடு பண்ணிட்டோமோங்கற பயத்துல அப்படி நின்னுச்சு. அந்தப் பயத்தை அதுக்குக் குடுத்தது நான்தான்.

மேளம் ஓஞ்சு, சனம் கலைஞ்சு பந்திக்குப் போக ஆரம்பிச்சப்பதான் அக்கா என்னையப் பார்த்துச்சு. மணவறைய விட்டு எறங்கி வந்துச்சு. சேறு அப்புன வேட்டியப் பார்த்துச்சு, செருப்பில்லாத ஒத்தைக் காலைப் பார்த்துச்சு, கையில பிரிக்காம இருந்த மாலையப் பார்த்துச்சு. திட்டும், அடிச்சாலும் அடிக்கட்டும்னு நின்னேன். அக்கா திட்டல. முந்தானையால என் மூஞ்சியில வேர்வையத் தொடச்சுவிட்டுச்சு.

"வண்டிய நிப்பாட்ட எடம் கெடச்சுச்சாடா?"

"நிப்பாட்டலக்கா. நடுரோட்டுல அப்படியே விட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"அதைப் பூ மார்க்கெட்டுலயே செஞ்சிருக்கலாம்லடா" அப்படின்னுச்சு அக்கா.