இரண்டாம் தரம் அழுத்திய விரல்

மணிமங்கலத்து இருதயசாமி எனக்குச் சித்தப்பா மகன். அவனுக்கு மூன்று பெண்கள். கடைசிப் பெண் ஜோவிதா. எதையும் இரண்டு தரம் பார்க்காமல் விடமாட்டாள். பத்து வயதில் அவள் கேஸை மூட மறந்ததில் அம்மா அருள்மேரியின் கை வெந்துபோனது; அன்றிலிருந்தே இப்படி. கதவைப் பூட்டித் தெருமுனை வரை போவாள், திரும்ப ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்.

ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் புளியங்கொட்டை அளவில் கறுப்பு டப்பிகள் செய்கிறார்கள். டப்பி ஒரு பக்கம் கரண்டை வாங்கி மறுபக்கம் கொடுக்கும். ஆனால் இரண்டு பக்கத்துக் கம்பியும் ஒன்றையொன்று தொடாது. நடுவே மெல்லிய பூச்சுதான் காவல். ஆஸ்பத்திரியில் நோயாளி உடம்பில் ஒட்டுகிற மெஷினுக்குள் போகும் சாமான் அது. பூச்சு விட்டால் கரண்ட் ஆள்மேல் பாயும். அதனால் ஒவ்வொரு டப்பிக்கும் மூவாயிரம் வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் நாற்காலிக்கு ஜோவிதாவைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். பட்டனை அழுத்தி, பச்சை எரிந்தால் தட்டில் வைக்க வேண்டும்.

ஜோவிதா இரண்டு தரம் அழுத்தினாள்.

நான்காம் நாள் பக்கத்து நாற்காலிக்கு வந்த தங்கமாரி பார்த்துவிட்டாள். சாத்தான்குளத்துப் பெண், ஹாஸ்டலில் இருப்பவள்.

"ஏட்டி, என்னத்துக்கு ரெண்டு மட்டம் அடிக்க?"

"ஒருவாட்டி பார்த்தா மனசு ஆறலடி. உறுதி பண்ணிக்கினு வைக்கிறேன்."

"கெடுத்த போ! ரெண்டாவது அடியில பூச்சு நொந்துபோவும். இன்னைக்குப் பச்சை எரியும், ஆறு மாசத்துல புட்டுக்கிடும். டிரெய்னிங்ல சொன்னாவல்லா?"

அந்த டிரெய்னிங் நாளில் பெரிய அக்கா மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்கும் விழா. ஜோவிதா லீவு.

தங்கமாரி குரலைத் தாழ்த்தினாள். "வாயைத் தொறக்காத. எல்லாம் பச்சைதான, எவன் கண்டான்? அடுத்த வாரம் பெர்மனென்ட் லெட்டர் வருது ஒனக்கு."

கேன்டீனில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை எழுந்தாள், மூன்று முறை உட்கார்ந்தாள். நான்கு நாள் தட்டுகளும் லாரிக்குக் காத்திருந்தன. நான்கு மணிக்கு லாரி. மூன்றரைக்குச் சூப்பர்வைசர் சக்திகுமார் முன்னால் போய் நின்றாள்.

"சார், நாலு நாளா எல்லாத்தையும் ரெண்டுவாட்டி அடிச்சிட்டேன்."

"எல்லாம் பாஸ்தானேமா?"

"பாஸ்தான் சார். அதான் பயமா கீது."

அவன் டெஸ்ட் மெஷினில் எண்ணிக்கையைத் தட்டிப் பார்த்தான். டப்பிகளைப் போல இரண்டு மடங்கு. நான்கு நாளாக அவனும் அதைப் பார்த்திருக்கவில்லை.

"இன்னாமா நீ! சாம்பாருக்கும் ரெண்டுவாட்டிதான் உப்பு போடுவியா?" என்று கத்திக்கொண்டே லாரியை நிறுத்த ஓடினான்.

அத்தனை டப்பிகளிலும் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கியது ஜோவிதாதான். பெர்மனென்ட் லெட்டர் மூன்று மாதம் தள்ளிப்போனது.

நாற்காலி மாறவில்லை. அழுத்துகிறாள், பச்சை எரிகிறது, விரல் மறுபடியும் பட்டனுக்குப் போகிறது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்துவிட்டு அடுத்த டப்பியை எடுக்கிறாள்.

வீட்டில் இப்போது கேஸை நான்கு தரம் திருகிப் பார்க்கிறாளாம். பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுப்பதே இல்லை.