சூடேறினால் இறங்கும் ஸ்ருதி

கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றை மூடியபோது அங்கிருந்த பழைய சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி என்னிடம் வந்தது. பீரோ உயரம். கீபோர்டு தனி, மற்றதெல்லாம் பலகை பலகையாக இருக்கும். ஒரு பலகை ஓசையை எழுப்பும், ஒன்று வடிகட்டும், இன்னொன்று அதைத் தேய்ந்து அடங்க வைக்கும். ஒயர்களால் நாமே அவற்றைக் கோத்தால்தான் சத்தம். ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எங்கள் முன்னறை முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. கட்டிலைச் சமையலறைப் பக்கம் தள்ளினோம்.

நான் தொழிற்சாலையில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு. பழுது பார்க்க வரும், ஸ்ருதி பிடிக்கும் காது மட்டும் கிடையாது. காது என் மனைவிக்கு. பாரிவாக்கத்துக்காரி. பாட்டுப் படித்தவளில்லை. ஆனாலும் ஸ்ருதி கொஞ்சம் நகர்ந்தால் போதும், அவள் முகம் சுளித்துவிடும்.

அந்தக் கருவிக்கோ சூடு ஆகாது. சித்திரை வெயிலில் ஸ்ருதி நிற்கவே நிற்காது. நான் பின்னால் ஸ்க்ரூடிரைவருடன் குந்தியிருப்பேன். அவள் கீயை அழுத்திப் பிடித்துக்கொள்வாள்.

“எறங்கிகினே போவுதுங்க. ஏத்துங்க... இன்னும்... ஆங், அங்கயே உடுங்க!”

கரையான்சாவடி மெல்லிசைக் குழுவில் சில வருடங்கள் அதை வாசித்தேன். மழைச் சத்தம், காற்றுச் சத்தம், ஒரு மாதிரியான புல்லாங்குழல் எல்லாம் அதில் எழுப்புவேன். வேலப்பன்சாவடியில் ஒரு கல்யாண வரவேற்பில் ஜெனரேட்டர் திணறியது. பாட்டின் நடுவில் என் குழலின் ஸ்ருதி அப்படியே சரிந்தது. பாடிக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“தப்பா நென்சிக்காத அண்ணாத்தே,” என்றார் குழுத் தலைவர். “கக்கத்துல இடுக்கிகினு வர்ற மாதிரி கீபோர்டு வந்துட்ச்சி. இத்த தூக்க நாலு ஆள் வேணும். அப்பவும் நம்ப முடில.”

பிறகு அவர் கூப்பிடவில்லை. வீட்டில் மட்டும் வாசித்தேன். அவள் கேட்டாள். அதுவே போதுமென்றிருந்தது.

அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. தகடு அடிக்கும் பிரஸ் ஓடும் ஷெட், நாள் முழுக்கக் காதைப் பிளக்கும் சத்தம். முதலில் “இன்னா சொன்னீங்க?” என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தாள். அப்புறம் குக்கர் விசில் கேட்கவில்லை. டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, “நரம்பு போயிருக்கு. போனது வராது,” என்றார். வேலையை விடச் சொன்னேன். “உட்டா மட்டும் வந்துருமா?” என்றாள். அடுத்த நாளும் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் ஓசை எழுப்பும் பலகை செத்தது. அதற்கு ஒரே குணமுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்கள் வேண்டும். ரிச்சி தெருவில் ஒரு பை வாங்கிவந்து ஒவ்வொன்றாக அளந்து ஒரு ஜோடி பொறுக்கினேன். பற்றவைத்து முடித்ததும் வழக்கம்போல அவளைக் கீபோர்டில் உட்கார வைத்தேன்.

கீயை அழுத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, அவ்வளவு சத்தம்.

“போட்டுட்டீங்களா?” என்றாள்.

அவளே எட்டி ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“ஆடுது,” என்றாள். “ஏறுதா எறங்குதான்னு தெர்லீங்க.”

தொழிற்சாலையிலிருந்து அதிர்வெண் காட்டும் ஒரு மீட்டரைக் கேட்டு வாங்கி வந்து ஸ்ருதியைச் சரிசெய்தேன். முள் சரியான இடத்தில் நின்றது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவிட்சை அணைத்தேன். அந்த மழைக்காலத்தில் பலகைகளின் திருகு குமிழ்கள் துருவேறி இறுகின. நான் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவில்லை.

“ஏன் இப்பல்லாம் வாசிக்கறதில்ல?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ரிப்பேர்!” என்று கத்தினேன்.

“அப்ப சரி பண்ணுங்க,” என்றாள்.

தலையாட்டினேன்.