இன்ஜினியர் மாமா

எங்கள் சொந்தத்தில் முதன்முதலாக இன்ஜினியரிங் படித்தவர் அம்மாவின் தம்பி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்த்த சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு சாமளாபுரத்துக்கு எங்களைப் பார்க்க வருவார். அவர் தெருமுனையில் திரும்பினாலே அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். மாமா அப்பாவைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். வேட்டி இறங்கியது அவர் படிப்புக்காக.

அக்கா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி மாமாவைப் போலவே இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதைவிட அப்பாவின் ஆசை. எந்தக் காலேஜ் என்று சொல்வதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

மாமா குழம்பைத் தொடவேயில்லை. "காலேஜெல்லாம் எதுக்குங்க மச்சான்? பேசாம எங்க அக்கா தைக்கிற கம்பெனிக்கே புள்ளையையும் அனுப்புங்க. ஓவர்லாக் மிஷின்ல தைக்கப் பழகுனா கைத்தொழிலாச்சு" என்றார்.

அப்பா கூலிக்குத் தறி ஓட்டுபவர். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. அதனால், காதில் விழுந்தது சரிதானா என்பதுபோல எல்லார் முகத்தையும் பார்த்தார். அப்புறம் அவர் குரல் உயர்ந்தது.

"நீ மட்டும் படிச்சு மேல போயிட்ட. எம்புள்ள போகக்கூடாதா மாப்ள? எங்களக் கண்டா உனக்கு இப்ப எளப்பமாப் போச்சு."

"அப்படியெல்லாம் இல்லீங்க மச்சான்."

"பின்ன எப்படி? படிச்ச திமிரு, வேறென்ன?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கரண்டியோடு நின்றாள். அக்கா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு மாமாவையே பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. மாமாவைத் திமிர் பிடித்தவர் என்று யாரும் சொல்லக் கூடாது. அவர் அப்படியில்லை என்பதற்கு என்னிடம் நல்ல சாட்சி இருந்தது.

கொஞ்ச நாள் முன்பு அம்மா என்னைத் திருப்பூருக்குத் துணி எடுக்கக் கூட்டிப் போயிருந்தாள். அவள் கடையில் விலை பேசிக்கொண்டிருந்தபோது, எதிரே ஒரு கம்பெனி வாசலில் நின்ற டெம்போவிலிருந்து மாமா துணி மூட்டையைத் தோளில் இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான் "மாமா!" என்று கத்தியதும் ஓடி வந்து என் கன்னத்தைத் தட்டினார். "ஆளு வரலை கண்ணு, அதான் மாமா ஒரு கை குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் அது ரகசியமாகத் தோன்றவில்லை. ஆபீசர் ஒருவர் மூட்டை தூக்குகிறாரே, எவ்வளவு நல்லவர் என்றுதான் நினைத்தேன்.

அதைத்தான் சொன்னேன். "இல்லீங்கப்பா, மாமா நல்லவருங்க. ஆளு வரலைன்னா அவரே மூட்டை தூக்குவாரு. நான் பாத்தேன்."

அம்மாவின் முகம் மாறியது. அப்பாவுக்குக் கேட்கவில்லை. "என்னங்குது புள்ள?" என்று அம்மாவிடம் கேட்டார். அவள் கரண்டியைக் குழம்புக்குள் விட்டுக் கிளறினாள். "ஏனுங்க, என்னங்குது?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

மாமாதான் பதில் சொன்னார். அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்பதால் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"மூட்டை தூக்கறேனுங்க மச்சான்! படிச்சு முடிச்சதுல இருந்து மூட்டைதான் தூக்கறேன்! ஆபீசு கீபீசெல்லாம் ஒண்ணுமில்லீங்க!"

பக்கத்து வீட்டு டிவிச் சத்தம் சட்டென்று குறைந்தது. அப்பா மாமாவின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சாப்புடு மாப்ள" என்றார். மாமா எழுந்து கை கழுவினார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அக்காவின் கல்யாணத்துக்கு மட்டும்தான்.

காலேஜ் பேச்சை அப்பா மறுபடி எடுக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அடுத்த வாரமே அம்மாவோடு கம்பெனி வேனில் ஏறினாள். இன்றும் ஓவர்லாக்தான் தைக்கிறாள். படித்திருந்தால் மாமாவைப் போல ஆகியிருப்பாளோ, வேறு மாதிரி ஆகியிருப்பாளோ, அது யாருக்கும் தெரியாது. மாமா சொன்னது தப்பென்று காட்டவும் வழியில்லாமல் போய்விட்டது, சரியென்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை.

மாமா வந்துபோன அன்று சாயங்காலம் அக்கா கிணற்றடியில் வெகுநேரம் துணி துவைத்தாள். நான் பக்கத்தில் போய், "அப்ப நீ ஹாஸ்டலுக்குப் போகமாட்டியாக்கா?" என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். இனி தினமும் ராத்திரி என்னோடுதான் படுப்பாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவளைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன்.