கதவுக்காரியைப் பற்றி இரண்டு வரி

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குப் பள்ளியில் இன்னொரு பெயர் உண்டு: செய்தி ஆசிரியர். வெள்ளிக்கிழமை பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அந்த வாரம் வகுப்பில் நடந்ததை ஒரு பக்கம் எழுதிப் பெற்றோரின் போனுக்கு அனுப்புவார். கழித்தலில் எதுவரை வந்தோம், வீட்டில் எதை வாசிக்கச் சொல்ல வேண்டும், யாருக்குப் பல் விழுந்தது, எல்லாம் இருக்கும். மற்ற வகுப்புகளின் செய்தியைக் கரண்ட் பில் மாதிரி பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். இவருடையதை மட்டும் உரக்க வாசித்துச் சிரிப்பார்கள்.

காரணம், பட்டப்பெயர்கள். பிள்ளைகளின் பெயரை அவர் எழுதவே மாட்டார். ஓயாமல் பேசுகிறவன் வானொலி, ரப்பரைக் கடிக்கிறவள் சுண்டெலி. ஒருவரையும் விடாமல் ஆளுக்கு இரண்டு வரி, அதுவும் நல்லதாகவே எழுதுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, சொல்லாமல் இருப்பானேன்.

பாதி ஆண்டில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். அவளுடைய அம்மா, அறையில் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து பேசினார்.

"டீச்சர், இவ போட்டோ, பேரு எதுவும் எங்கயும் வரக்கூடாது. நாங்க இருக்கிற இடம் இவ அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா எங்களை உயிரோட விடமாட்டார்."

"பேரே எழுத மாட்டேம்மா. கவலைப்படாம போங்க."

சொன்ன வாக்கை டீச்சர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். ஆனால் அவளை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை, பிள்ளை ஏங்கிப்போகுமே. அதனால் எழுதினார்: 'புதிதாக வந்திருக்கும் நம் கதவுக்காரி, உட்காரும் முன் கதவு தாழிட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்கிறாள். பொறுப்பான பிள்ளை.'

சுண்டெலியின் அம்மா பெருமை தாங்காமல் அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். அவர்கள் சும்மா இருப்பார்களா, தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். மேலே பள்ளியின் பெயர், கீழே டீச்சரின் நம்பர்.

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது தெரியாத நம்பரிலிருந்து செய்தி வந்தது. "அருமையா எழுதுறீங்க டீச்சர். கதவுக்காரி எங்க வீட்லயும் அப்படித்தான் பார்ப்பா."

அனுப்பியது அவளுடைய அப்பா என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது. பொறுப்பு என்று மெச்சியது பயத்தை என்று அப்போதுதான் உறைத்தது. யாருக்குப் பயந்து அந்தப் பிள்ளை தாழ்ப்பாளைப் பார்த்தாளோ அவனுக்கே வழி காட்டியாகிவிட்டது.

டீச்சர் உடனே போன் செய்து சொன்னபோது, சிறுமியின் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "நாளையிலேர்ந்து அவ வரமாட்டா டீச்சர். அடுத்த திங்கக்கிழமை காலைல தம்பி வண்டி கொண்டு வரான், ஊரை விட்டே போயிடுறோம். அதுவரைக்கும் வெளிய தலை காட்ட முடியாது." திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு.

அந்த வெள்ளிக்கிழமை முதல்முறையாக ஒரு பிள்ளையை விட்டுவிட்டு எழுதினார். அதுவும் எந்தக் கை வழியாகவோ அவனிடம் போய்ச் சேர்ந்தது. "கதவுக்காரி பத்தி ஒண்ணும் காணோமே? கிளம்பிட்டாங்களா?"

கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்தால், ஒரு சாலை விடாமல் அலசுவான்; திங்கட்கிழமை வண்டி அவன் கண்ணில் பட்டுவிடும். வகுப்பைப் பற்றி டீச்சர் இதுவரை பொய் எழுதியதில்லை. இப்போது அந்த நம்பருக்கு எழுதினார். "விட்டுப்போச்சு, மன்னிக்கணும். மூணாம் வாய்ப்பாடு முழுசா சொல்லிட்டா. திங்கக்கிழமை காலைல வகுப்புல அவ பாட்டு இருக்கு."

"சந்தோஷம். நானும் வரேன்."

டீச்சர் வேண்டியதும் அதுதான்: வண்டி கிளம்பும் நேரத்தில் அவன் பள்ளியில் இருக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் ஒன்று விடாமல் சொன்னார், அவர் போலீசுக்குச் சொன்னார். திங்கட்கிழமை பிள்ளைகளையெல்லாம் பின்கட்டிடத்துக்கு அனுப்பிவிட்டு, ஆள் உள்ளே இருப்பது தெரிய வேண்டுமே என்று, டீச்சர் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு வகுப்பில் இருந்தார். வண்டி இந்நேரம் கிளம்பியிருக்கும். வருகிறேன் என்ற போலீஸ் இன்னும் வரவில்லை.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. திரும்பி வந்து உட்காரப் போனவர், மறுபடியும் போய்ப் பார்த்தார்.