பரீட்சையன்று வந்த தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்பிள்ளை ஒன்பதாவது படித்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த அவள் அம்மா, முதுகில் அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அப்பா இல்லை. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது, கஞ்சி காய்ச்சுவது எல்லாம் அந்தப் பிள்ளைதான். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நாளில் பள்ளிக்கூடம் போகமாட்டாள். விட்டால் மறுபடி எப்போது வருமோ!

அவள் டீச்சர் வீடு தேடி வந்தார்.

"முழுப்பரீட்சை எழுதாட்டி திரும்ப ஒன்பதாவதுதான். பரீட்சை முடியிறவரைக்கும் யாராவது அம்மாகிட்ட இருப்பீங்களா?" என்று தெருவில் கேட்டார். ஆளாளுக்கு வேலையைப் பார்த்து நகர்ந்தார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, சரியென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு பரீட்சையன்று அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே கூச்சல்.

"சித்தி, தண்ணி வந்துட்டு. பள்ளிக்கூடம் பின்னாடிதான, அவளுக்கும் கேட்டிருக்கும். எந்திச்சு ஓடியாந்துருவா," என்று அவள் அம்மா துடித்தாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இவளைத் தனியே விடவா, பிள்ளையின் பரீட்சையை விடவா? வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன்.

"எனக்கு ஒண்ணும் ஆயிராது, குடத்த எடுங்க," என்று அவளே விரட்டினாள்.

குழாயடியில் ஒருத்தி மறித்தாள். "ஆச்சி, ஒங்க மருமவதான் அங்கன நிக்காள்லா? வீட்டுக்கு ஒரு ஆளுதான், ஒங்களுக்கென்ன ரெண்டு ரேஷன் கார்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் திரும்பியிருப்பேன்.

"எதிர்வீட்டுப் பிள்ளைக்கு நிக்கேன். அது பரீட்சை எழுதுது," என்றேன்.

"ஆத்தாடி, ஆச்சிக்குப் பேச வருது!"

அதற்குள் தெருமுனையில் அந்தப் பிள்ளை, கையில் பரீட்சை அட்டையோடு. பின்னாலேயே சேலையைத் தூக்கிப் பிடித்தபடி டீச்சர்.

மறித்தவளே கத்தினாள். "ஏட்டி, ஒங்கூட்டுக் குடம் இங்கன நிக்கி. போயி எழுது!"

பிள்ளை நகரவில்லை. என்னைப் பார்த்து, "ஆச்சி, அப்ப அம்மாகிட்ட யாரு இருக்கா?" என்றாள்.

மறித்தவள் தன் குடத்தை என் காலடியில் வைத்தாள். "ரெண்டையும் பிடிங்க ஆச்சி. நான் போயி இருக்கேன்." வரிசையில் தன் இடத்தை விட்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் போனாள். அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளை டீச்சரோடு திரும்பி ஓடினாள்.

அவள் பத்தாவதுக்குப் போனது நிச்சயம். அன்றைக்குக் கணக்குப் பரீட்சையா அறிவியலா, விட்ட நேரத்தைச் சேர்த்துக் கொடுத்தார்களா என்பதுதான் நினைவில்லை. அந்த டீச்சரிடம் யாராவது கேட்டு, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.