நாடா இறுகும் இடம்

எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் ஒரு மதில்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து மதிலின் இந்தப் பக்கம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு பொங்கினாலும் காது அங்கேதான் கிடக்கும். அவளுடைய ஆடுகள் வேறு ஓயாமல் கத்தின.

ஆடு வளர்ப்பது வெளிநாட்டிலிருக்கும் அவள் மகனுக்குத் தெரியாது. முன்னே ஒருமுறை ரப்பர் தோட்டத்தில் புல்லறுக்கப் போய் அவள் வழுக்கி விழுந்தபோதே, இனி ஆடும் வேண்டாம் புல்லும் வேண்டாம் என்று சத்தம் போட்டு விற்க வைத்தான். தலையாட்டினாள். கொஞ்ச நாளில் திருவட்டாறு பக்கமிருந்து குட்டிகள் வந்துவிட்டன. உழைத்த உடம்பு சும்மா இருக்குமா? நானும் கூடப் போவேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். ஆனால் என்னைப்போல் புல்லுக்கட்டு கட்ட எங்கள் தெருவில் ஆளில்லை.

ரப்பர் பால்வெட்டு நின்றுபோன தோட்டம். புல்லும் புதருமாகக் காடு இடுப்புவரை நிற்கும். அறுத்து முடிந்ததும் இடுப்பில் கட்டியிருக்கிற துவர்த்துத் துண்டை அவிழ்த்துப் புல்மேல் விரித்து, அதில் உட்கார்ந்து வெற்றிலை போடுவோம். எழும்பும்போது அதையே திரும்பச் சுற்றிக்கொள்வோம்.

டெங்கு என்றார்கள். பப்பாளி இலைச்சாறு கொடுத்தோம். புதுக்கடை ஊரில் ஒரு டாக்டரிடம் ஊசி போட்டோம். குளிரும் விறையலும் கூடியதே தவிரக் குறையவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. ரத்தம் பார்த்து டெங்கு இல்லை என்றுவிட்டார்கள். பின்னே என்ன? கட்டிலுக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். "புல்லு, காடுன்னு எங்கயாவது போனீங்களாம்மா?" என்று கேட்டாள்.

அந்நேரம் மகன் போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தான். "நான் முற்றத்தை விட்டே எறங்கல்ல" என்றாள் தங்கச்சி. டாக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "போனா டாக்டரே. தெனமும் போவா. நானும் போவேன்."

"யக்கா, சும்மா கெட!"

"பெரியம்மா, நீங்களுமா?" போனுக்குள் அவன் கத்தினான்.

"ஆமாலே மக்கா. ஆடு மூணு நிக்கு. சண்டைய பொறவு போடு. மொதல்ல உனக்க அம்மை பிழைக்கட்டு."

டாக்டர் திரையை இழுத்துவிட்டு உடம்பெல்லாம் தேடினாள். பாவாடை நாடா இறுகும் இடத்தில், பீடியால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு.

"அது நாடாப் புண்ணு" என்றாள் தங்கச்சி. துணி மாற்றும்போது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சேலை கட்டுகிற எவளுக்கு அங்கே கறுப்பில்லை?

டாக்டர் அமுக்கிப் பார்த்தாள். "நோகுதா?"

"இல்ல."

"நாடாப் புண்ணுன்னா நோகும். இது உண்ணிக் காய்ச்சல் மாதிரி இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிச்சுக் கிருமி ஏறுது. அந்தத் தோட்டத்துக்கு வேற யாரெல்லாம் போறாங்க?"

எங்கள் தெருவில் பாதிப்பேர். வீடு வீடாகப் பெயர் சொன்னேன்.

அப்போதே மருந்து ஏற்றினார்கள். பிறகு குளிகையும் கொடுத்தார்கள். ஒருநாள் காலையில் வேர்த்துக் கண்ணைத் திறந்தவள், "ஆட்டுக்குக் கொழ போட்டியா?" என்றாள். வேறு பேச்சில்லை. காட்டிக் கொடுத்த கோபம்.

மகன் ஆட்டை விற்கச் சொன்னான். விற்கவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் கட்டி, என் ஆடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். துவர்த்தைத் தரையில் விரிப்பதை விட்டாச்சு. வந்ததும் உடுத்த துணியை வெந்நீரில் முக்கிவிட்டுக் குளித்து, உடம்பில் பொருக்கு உண்டா என்று தேடுகிறேன். நான் குளித்துவிட்டு வரும் சத்தம் கேட்டால் மதிலுக்கு அப்பாலிருந்து அவள், "பாத்தியா?" என்பாள். இன்னும் அந்த ஒரு சொல்தான்.

"பாத்தேன்" என்பேன். பிறகும் மனசு ஆறாது. நாடாவைத் தளர்த்தி, விரலால் மறுபடியும் தடவிப் பார்ப்பேன்.